தொட்டிக்கு நன்கொடை உண்டு, உப்புக்கு இல்லை

பள்ளியிலிருந்து அவருக்குப் போன் வரும்போது தொட்டி அநேகமாக வந்து இறங்கியிருக்கும். முன்னாள் மாணவர் யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒரு குடும்பம், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று லைட், ஸ்டாண்டோடு ஏற்றி அனுப்பியிருக்கும். "கடல் மீன் விட்டுத் தருவீங்களா சார்? செலவு மட்டும் ரொம்ப ஆகக் கூடாது" என்பார் தலைமையாசிரியை.

கொளத்தூரில் தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடை உண்டு. அங்கே தொழில் பழகி, ஆஸ்பத்திரி வரவேற்பறைகளிலும் வீட்டு ஹால்களிலும் கடல் மீன் தொட்டிகளைப் பராமரித்து வருபவர் அவர். அவருடைய கணக்கில் தொட்டி ஒருமுறைச் செலவு. அதற்கு ஆள் கிடைப்பார்கள். உப்பு, டெஸ்ட் கிட், கரண்ட், மே மாத விடுமுறை, மழைக்கால மின்தடை எல்லாம் வருடா வருடம் வருபவை. அவற்றுக்கு யாரும் நன்கொடைப் பலகை வைக்க முடியாது. முதல் வருட உற்சாகம் வடிந்து, இரண்டாம் வருடம் டெஸ்ட் கிட் காலாவதியாகும்போது வாங்கித் தர ஆளில்லாமல் போன தொட்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவற்றில் ஒன்றில் இப்போது பழைய விடைத்தாள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வட சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்புக்கு அவர் ஒப்புக்கொண்டபோது, முதலில் பேசியது மீனைப் பற்றி இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒதுக்கிய தொகையில் பாதியை அப்படியே இரண்டாம் வருடத்துக்கு எடுத்து வைக்கச் சொன்னார். மிச்சமிருக்கும் பாதியில் என்ன முடியுமோ அதுதான் தொட்டி.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கண்ணாடித் தொட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதில் முன்பு மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால், அது மூலைகளின் சிலிக்கானில் தங்கிப் பிறகு கசியக்கூடும். மீன் தாங்கிக்கொள்ளும் அளவுச் செம்பையும் நண்டும் நத்தையும் தாங்காது. நல்லவேளையாக, இந்தப் பள்ளிக்கு வந்தது தண்ணீரே படாத தொட்டி. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்பு விட்டு நிரப்பினால் 100 லிட்டர். தண்ணீர் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வைத்துவிடலாம் என்ற யோசனையை அவர் கேட்டதும் தள்ளிவிட்டார். தரைத் தளம், வெயில் நேராக விழாத சுவர், பக்கத்தில் பிளக் பாயிண்ட், இரும்பு ஆங்கிள் ஸ்டாண்ட் என்று முடிவாயிற்று.

அடுத்தது தண்ணீர். சென்னையில் கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, உப்பு எதற்கு என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது, பதில் மாதத்தைப் பொறுத்தது. பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை அவர் கோவளம் பக்கம் போய், கரையோரக் கலங்கல் தாண்டிய இடத்திலிருந்து கேனில் கடல் நீர் எடுத்து வருகிறார். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த வேலை கிடையாது. மழை நீரும் ஆற்று நீரும் கலந்து கடலோர நீரின் உப்பு இறங்கிவிடும். வழக்கமாக லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டியது, நவம்பர், டிசம்பரில் முப்பதுக்குக் கீழேயும் போகும். எண்ணூர்ப் பக்கம் எந்த மாதத்திலும் எடுப்பதில்லை. 2017 ஜனவரி 28இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் பரவியது. அந்தக் கரை தன் பட்டியலிலேயே இல்லை என்கிறார்.

எடுத்து வந்த நீரையும் நேராகத் தொட்டியில் ஊற்ற மாட்டார். மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைப்பார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மடிந்து அடியில் படிந்ததும், மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுப்பார்.

மழை மாதங்களுக்குச் செயற்கைக் கடல் உப்பு. அடுப்படி உப்பு இங்கே உதவாது. அது கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடு. கடல் நீரிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் மெக்னீசியம், 400 சொச்சம் மில்லிகிராம் கால்சியம் என்று பலதும் கலந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 லிட்டர் மாற்றினால் வருடத்துக்கு 260 லிட்டர் ஆகும். எல்லாவற்றையும் உப்பு வாங்கிக் கலந்தால் ஒன்பது கிலோவுக்கு மேல் வேண்டும். மழை நான்கு மாதத்துக்கு மட்டும் என்றால் மூன்றே கால் கிலோ போதும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகுதான் கழகப் பொருளாளர் கையெழுத்துப் போட்டார்.

உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் விலை குறைந்ததே போதும் என்பது அவர் கட்சி. ஆனால் விலை குறைந்த கருவிக்கு அளவு நழுவும் குணம் உண்டு. அதைச் சரிபார்க்கும் திரவத்தைக் கடையில் தனியாக வாங்கவும் தேவையில்லை. பள்ளியின் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 36.5 கிராம் சோடியம் குளோரைடு, 963.5 கிராம் காய்ச்சி வடித்த நீர். இந்தக் கரைசலில் ஒளி வளையும் அளவு, 35 உப்புள்ள கடல் நீரில் வளைவதற்குச் சமம். ஆய்வகத் தராசில் நிறுத்துக் கரைத்து, கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைக்க வேண்டும். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்காவிட்டால், மேலே இருக்கும் சிறு திருகைத் திருப்பி நிறுத்தலாம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அந்தத் திருகைத் திருப்ப வகுப்பில் போட்டி நடக்கிறது.

தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு. அதுதான் பள்ளியின் விலையில்லாக் கருவி. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே நிற்கும். மின்விசிறிக் காற்றில் நாளுக்கு இரண்டு லிட்டர் குறைந்தால், நான்கு நாள் கழித்து 92 லிட்டரில் 100 லிட்டருக்கான உப்பு இருக்கும். 35 என்பது 38 ஆகிவிடும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஊற்ற வேண்டியது கடல் நீர் அல்ல, கேன் தண்ணீர். அதையும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்த பிறகுதான். போர்வெல் நீர் பக்கத்திலேயே வரக் கூடாது.

பாறை என்று வந்ததும் சட்டம் குறுக்கே நின்றது. கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே காப்பு. உயிருள்ளதை எடுத்தாலும் செத்ததை எடுத்தாலும் குற்றம். கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும்கூட அதே பட்டியலில் இடம் உண்டு. "ராமேஸ்வரம் பக்கம் தெரிஞ்சவங்க இருக்காங்க, ரெண்டு துண்டு கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று கேட்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவருடைய விதி ஒன்றே: கடைக்காரர் தாளில் கணக்குக் காட்ட முடியாத எந்த உயிரும் பள்ளி வாசலுக்குள் வராது. ஆகவே இந்தத் தொட்டியில் பவளமே இல்லை. பவளப் பாறையின் இண்டு இடுக்குகளில் நடக்கும் வேலை மட்டும் இருக்கிறது.

அந்த இண்டு இடுக்கைப் பிள்ளைகளே செய்தார்கள். ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு நொறுக்கிய கிளிஞ்சல், இரண்டு பங்கு கல்லுப்பு. பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பெயர் போனது. அதில் ஒரு சாக்கு கிடைத்தது. ஈர மணலில் குழி பறித்து, கலவையை அள்ளிப் போட்டு, நடுவே விரலை விட்டுச் சுரங்கம் செய்தார்கள். இறுகிய கட்டிகளைப் பக்கெட் தண்ணீரில் போட்டதும் கல்லுப்பு கரைந்து போய், அது இருந்த இடமெல்லாம் பொந்தாயிற்று. புது சிமென்டிலிருந்து இறங்கும் காரம் கடுமையானது. pH தாளை நனைத்தால் கருநீலம். தண்ணீரை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊற வைத்து, தாள் 8.4க்குக் கீழே காட்டிய பிறகே கட்டிகள் தொட்டிக்குள் போயின.

இதற்குள் ஒரு தென் மாவட்டப் பாடமும் ஒளிந்திருந்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் தூத்துக்குடிக் கடலில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அறிவியல் ஆசிரியை அந்தப் பாறைகளின் படத்தைச் சுவரில் ஒட்டினார். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய கரையில் இப்போது சிமென்டைக் கொண்டுபோய் வைக்கிறார்களா என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். ஆசிரியை ஆமாம் என்றார்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் வெறும் தண்ணீர். பள்ளிக்கு இதுதான் கஷ்டமான காலம். தொட்டி பராமரிப்பவர் ஒரு துண்டு இறாலைத் துணியில் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டார். அது அழுகினால் அம்மோனியா வரும். அதைத் தின்னும் பாக்டீரியா பாறைப் பொந்துகளில் குடியேறி அதை நைட்ரைட்டாக்கும். அதைத் தின்னும் வேறொரு கூட்டம் வந்து நைட்ரேட்டாக்கும். தினம் ஒரு மாணவர் குப்பியில் சொட்டு விட்டு, வந்த நிறத்தைக் கலர் பென்சிலால் நோட்டில் தீட்டி வைத்தார். பச்சை மஞ்சளாகிற வரை மீன் கிடையாது. இடையில் தாளாளர் வந்து, "மீன் எங்கே?" என்று கேட்க, "வந்துட்டிருக்கு சார், இப்போ பாக்டீரியா வளர்க்கிறோம்" என்று ஒரு சிறுமி நோட்டை நீட்டினாள்.

கருவிகளில் அவர் தாராளமாக வெட்டினார். அடியில் இன்னொரு தொட்டி வைக்கும் சம்ப் வேண்டாம். வகுப்பறையில் ஒரு குழாய் அடைத்தால் தரை குளமாகிவிடும். பவளம் இல்லாததால் விலை உயர்ந்த லைட்டும் வேண்டாம். நீரோட்டத்துக்கு ஒரு பவர்ஹெட், கழிவை நுரையாக்கி எடுக்கத் தொங்கவிடும் சிறு ஸ்கிம்மர், ஒரு எல்இடி பட்டி, மேலே இரண்டு சின்ன விசிறி. லைட்டை எட்டு மணி நேரம், மற்றவற்றை நாள் முழுக்க ஓட்டினால் மாதத்துக்கு இருபத்தைந்து யூனிட் அளவுதான். வெட்டாமல் விட்டது ஒன்று: பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப்.

கரண்ட் விஷயத்தில் பள்ளிகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, பொறுப்பான வாட்ச்மேன் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார். சிக்கனம், தீ பாதுகாப்பு இரண்டுக்கும் அது சரிதான். தொட்டிக்குத்தான் மூன்று இரவு மூச்சு நிற்கும். இந்தப் பள்ளியில் மீன் வருவதற்கு முன்பே வயர்மேனை வைத்து மெயினுக்கு முன்னாலிருந்து தனி லைன் இழுத்து, தனி எம்சிபி போட்டார்கள்.

மீன் வந்த நாளில் வகுப்பு முழுக்க ஒரே குரல்: நீமோவும் டோரியும். கடைக்காரர்களே கோமாளி மீனை நீமோ என்றுதான் சொல்கிறார்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையங்கள் அதைப் பண்ணையில் பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டன. பண்ணையில் பிறந்தது தொட்டிக்குப் பழகியது, தீவனத்தை மறுக்காது, கடல் சாமந்தி இல்லாமலும் வாழும். டோரி என்கிற நீல மீன் அப்படியல்ல. ஓரடி வரை வளரும், நீந்த நீளமான தொட்டி கேட்கும். அதை முதன்முதலில் வளர்ப்பில் பொரிக்க வைத்ததே 2016இல், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில்தான். கடையில் விற்பதில் மிகப் பெரும்பாலானது கடலில் பிடித்தது. ஆகவே இரண்டு நீமோ, கொஞ்சம் துறவி நண்டு, நத்தை. இதற்குமேல் உயிர் இல்லை.

தொட்டியைக் காக்க வேண்டியிருப்பது பாசத்திடமிருந்துதான். நாற்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால் மாலைக்குள் தண்ணீர் நாறும். அவர் மருந்துக் கடையிலிருந்து ஏழு அறை மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அன்றன்றைக்கு உரிய தீவனம் அந்தந்த அறையில். அறை காலியென்றால் மீன் சாப்பிட்டாயிற்று; பாவமாகப் பார்த்தாலும் மறுபடி கிடையாது. தீவனமும் அங்கேயே தயாராகிறது. இறாலை நைசாக அரைத்து, பிளாஸ்டிக் கவரில் காகிதக் கனத்துக்குத் தட்டி, சமையலறை ஃப்ரீசரில் வைத்து, நகக்கண் அளவு உடைத்துப் போடுவார்கள். சனி, ஞாயிறு உண்ணாவிரதம். அதனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

ஆயுத பூஜைக்குத் தொட்டிக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாம்பிராணி காட்ட வந்தார்கள். சந்தனம் கண்ணாடிக்கு வெளியே இருக்கலாம். புகையை ஏர் பம்ப் உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் குமிழியாக விடும் என்பதை விளக்கி, பூஜை நேரத்தில் பம்பை நிறுத்தி, ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கொசு மருந்து ஸ்பிரேவுக்கும் அதே விதி. பினாயிலில் துணி தோய்த்த கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது என்பதை ஆயாம்மாவே இப்போது மற்றவர்களுக்குச் சொல்கிறார்.

காற்று விஷயம் ஒரு பாடமாகவே ஆனது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு நாற்பது பேர் மூச்சுவிடும் மழை நாளில் தொட்டியின் pH மாலைக்குள் 8.2இலிருந்து 7.9க்குப் பக்கத்தில் இறங்கியது. விடுமுறை முடிந்த காலையில் மறுபடி மேலே. கரியமில வாயு தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு உலகக் கடல்களின் மேற்பரப்பு pH சுமார் 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது என்று புத்தகத்தில் படித்துக் கடந்துவிடும் வரிக்கு, பிள்ளைகளின் நோட்டில் சொந்தக் கோடு ஒன்று கிடைத்தது.

கோடைதான் பணத்தைக் கேட்கும் பருவம். சில்லர் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. மேலிருந்து ஊதும் விசிறிகள் நீரை ஆவியாக்கி இரண்டு, மூன்று டிகிரி இறக்கும். சென்னையின் புழுக்கம் கூடினால் அதுவும் குறையும். தொட்டி 30 டிகிரி தொட்ட நாட்களில் கோமாளி மீன் தாங்கியது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இதே வெப்பத்தில்தான் வெளுத்தன. பவளம் இல்லாத தொட்டி என்ற முடிவு சட்டத்துக்காக எடுத்தது. கரண்ட் பில்லுக்கும் அதுவே சரியாக அமைந்தது. மே மாதம் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் இரண்டு மாணவர்கள், ஆசிரியையோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கேன் தண்ணீர் ஊற்றிப் போவார்கள். தேதி போட்ட அட்டவணை ஏப்ரலிலேயே வாட்ச்மேன் அறைச் சுவரில் ஏறிவிடும்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, பள்ளிகள் மூடல், அவர் தெருவிலும் முழங்கால் தண்ணீர். பாட்டரி பம்ப் முதல் நாள் இரவு வரை தாங்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். தீவனம் இல்லாததால் மீன் சாகாது. போனில் அவர் வாட்ச்மேனிடம் சொன்னது இவ்வளவுதான்: "தீனி எதுவும் போடாதீங்கண்ணே. மக்குல மொண்டு, ஓரடி மேலேர்ந்து அதுக்குள்ளேயே ஊத்துங்க. பத்து மக்கு. அரை மணிக்கு ஒருவாட்டி, தூங்குற நேரம் போக." விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். கரண்ட் வந்தபோது இரண்டு மீனும் இருந்தன. வாட்ச்மேனுக்குத் தோள்வலி.

கோமாளி மீன் குஞ்சுகள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இந்த இரண்டில் எது பெரிது என்று ஸ்கேலைக் கண்ணாடியில் வைத்து அளந்துகொண்டே இருந்தார்கள். இரண்டாம் வருடம், சிமென்ட் பாறையின் சரிவில் ஆரஞ்சு நிற முட்டைகள். சின்னது விசிறிக்கொண்டே காவல் நின்றது; கிட்டே வந்த துறவி நண்டைப் பெரியது முட்டித் தள்ளியது. ஏழெட்டு நாளில், இருட்டிய பிறகு பொரியும்.

பொரிந்த குஞ்சுக்கு இறால் துணுக்கு ஆகாது. ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் வேண்டும். ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசி நீர் வேண்டும். ஆசிரியை ஜன்னலோரம் பழைய கூல்டிரிங்க் பாட்டில்களில் பாசி வளர்க்கிறார். இதுவரை எந்தக் குஞ்சும் பத்தாம் நாளைத் தாண்டவில்லை. ரோட்டிஃபர் அடர்த்தி போதவில்லை என்பது தொட்டி பராமரிப்பவரின் கணிப்பு. பண்ணைக் குஞ்சு ஒன்றுக்குக் கொளத்தூரில் என்ன விலை கொடுப்பார்கள் என்று பிள்ளைகள் அவரிடம் விசாரித்துக்கொண்டார்கள். ஒரு வருட உப்புக்கு எத்தனை குஞ்சு பிழைக்க வேண்டும் என்ற கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஜூலையில் அடுத்த ஈடு. அதற்குள் பாசி பாட்டில்களை இரண்டு மடங்காக்கச் சொல்லியிருக்கிறார்.